ஆயில் குடிக்கிற வண்டிக்கு ஒரு சத்தியம்

அந்த வண்டிக்கு ஆயில் பார்க்கிற கம்பி கிடையாது. எங்ககிட்ட இருந்த மத்த ரெண்டு வண்டியிலயும் பானெட்டைத் தூக்கி, கம்பியை இழுத்துத் துணியால துடைச்சு, மறுபடி விட்டு எடுத்தா ஆயில் எவ்வளவு நிக்குதுன்னு தெரிஞ்சிடும். இது ஜெர்மன்காரன் வண்டி. ஸ்டியரிங்குக்கு முன்னாடி இருக்கிற திரையில மஞ்சளா ஒரு படம் வரும், ஒரு லிட்டர் ஊத்துன்னு எழுதும். அதுவா வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. சென்னைக்கு மூணு நாலு தடவை போய் வந்தா திரும்பவும் கேட்கும்.

என் வீட்டுக்காரர் ஊத்துவார். ஒண்ணும் பேச மாட்டார். கைக்குழந்தையோட கிளம்புறவ பால் புட்டியை மறக்காம எடுத்து வைக்கிற மாதிரி, டிக்கியில ஆயில் டப்பாவும் புனலும் ஒரு பழைய துண்டும் எப்பவும் வெச்சிருப்பார்.

வண்டியை அவருக்கு வித்தது என் அண்ணன். இந்தக் கதையில இருக்கிற கஷ்டமெல்லாம் அதுதான்.

எனக்குப் பொறந்த ஊர் நகரி பக்கம். நான் படிச்சிக்கினு இருக்கும்போதே நைனா போயிட்டார். அம்மா என் கல்யாணத்தைப் பார்த்துட்டுப் போனா. பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் இருந்தது அண்ணன் ஒருத்தன்தான். நைனா இடத்துல நின்னு என்னைத் தாரை வார்த்துக் குடுத்தவன். வருஷா வருஷம் போகிக்கு முந்தின நாள் புடவை, கரும்பு, வெல்லம் எல்லாம் தூக்கிக்கினு திருப்பதிக்கு வந்து வாசல்ல நிப்பான். "சோறு போடு பாப்பா, பசி உயிர் போவுது" என்பான். வழியில ரெண்டு ஓட்டல்ல துன்னுட்டு வந்திருப்பான், அது எனக்கும் தெரியும்.

பொய் சொல்லுவான். அதுல கெட்ட எண்ணம் இருக்காது, ஆனா சொல்லுவான். சித்தூர்ல ரோட்டோரமா இடம் பிடிச்சு, பெங்களூர்ல பெரிய மனுஷங்க ஓட்டி அலுத்துப்போன வண்டிகளைக் கொண்டுவந்து வித்துக்கினு இருந்தான். அந்தத் தொழிலுக்கு அவன் வாய் தோதாத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரரும் அவரோட அண்ணனும், அதாவது என் மூத்தார், சேர்ந்து டாக்ஸி வெச்சிருந்தாங்க. ரேணிகுண்டா ஏர்போர்ட்ல இறங்குற பக்தர்களைத் திருமலைக்கு ஏத்திக்கினு போறது, தரிசனம் முடிஞ்சதும் இறக்கிக்கினு வர்றது. இருபது வருஷமா வண்டியோடவே பொழுது போன மனுஷன் என் வீட்டுக்காரர். இதை நான் இங்கே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அப்போ எங்க யாருக்கும் அது உறைக்கலை.

பெரிய வண்டி ஒண்ணு இருந்தா பெரிய ஆளுங்க வருவாங்கன்னு அண்ணன்தான் ஆசை காட்டினான். கறுப்பு வண்டி, உள்ளே வெள்ளைத் தோல் சீட்டு, கதவைச் சாத்தினா வெளியில நடக்கிற எதுவும் காதுல விழாது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சது அண்ணன். வண்டி நகர்ந்து பழம் நசுங்கினதும் என்னைப் பார்த்துச் சிரிச்சான். அன்னிக்கி நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

ஒரு மாசம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் புகை வர ஆரம்பிச்சது. திருமலையிலிருந்து மலை இறங்கி வரும்போது ஆக்ஸிலரேட்டர்ல கால் இருக்காது. கீழே வந்து சமதரையில மிதிச்சா, பின்னாடி நீலமா புகை கொட்டும். பைக்ல வர்றவன் மூக்கைப் பொத்திக்கினு திட்டிட்டுப் போவான். ஒரு நாள் நெல்லூர்க் குடும்பம் ஒண்ணு, வண்டி எரியுதுன்னு பயந்து பாதி வழியில இறங்கி வேற வண்டி பிடிச்சுக்கினு போயிடுச்சு. அது மூத்தார் காதுக்கு வந்தது.

மூத்தார் வாய் தெலுங்குல ஆரம்பிச்சுத் தமிழ்ல முடியும், கோபம் வந்தா மறுபடி தெலுங்குக்கே போயிடும். வண்டியை அவரே மெக்கானிக்கிட்ட கொண்டுபோனார். பிஸ்டன் ரிங்கெல்லாம் தேய்ஞ்சிருக்கு, இன்ஜினைப் பிரிச்சாத்தான் ஆகும், இது நேத்து வந்த சீக்கு இல்லை, விக்கும்போது கெட்டி ஆயிலா ஊத்திப் புகையை அமுக்கியிருக்காங்கன்னு மெக்கானிக் சொன்னானாம். நேரா எங்க வீட்டுக்கு வந்தார். நான் அவரைக்காய் நறுக்கிக்கினு இருந்தேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான் உங்க அண்ணன். தெரிஞ்சே எங்க தலையில கட்டியிருக்கான்," என்றார்.

என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கினு இருந்தார். மூத்தார் அங்கேயே ஸ்பீக்கர்ல போட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன், "சாமி சத்தியமா எனக்குத் தெரியாது மாமா" என்றான்.

"போன்ல சொல்ற சத்தியத்தைக் காணிப்பாக்கத்துக்கு வந்து சொல்லு. முழுகிட்டு சொல்லு."

"வர்றேன் மாமா" என்றான் அண்ணன்.

எங்க பக்கத்துல போலீஸ், கோர்ட் எல்லாம் அப்பாலதான். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னாடி சொன்னா சொன்னதுதான். குளத்துல முழுகி, ஈரத்தோட போய் நின்னு பிரமாணம் பண்ணணும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீடு விளங்காதுன்னு பயம். முக்கால்வாசிப் பேர் குளத்தைப் பார்த்ததுமே உண்மையை ஒத்துக்குவாங்க, தண்ணியில இறங்கவே மாட்டாங்க.

எனக்கு ரெண்டு பக்கமும் அடி. தெரியாதுன்னு பொய்யா சத்தியம் பண்ணினா அண்ணனுக்கு என்னாகுமோ. தெரியும்னு ஒத்துக்கினா அவன் எந்த முகத்தை வெச்சுக்கினு எங்க வாசலை மிதிப்பான். எப்படிப் போனாலும் போறது என் அண்ணன்தான். மூத்தாருக்கு வண்டி போச்சுன்னு வருத்தம், அவ்வளவுதான்.

கிளம்புற அன்னிக்கிக் காலையில என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "இதெல்லாம் வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்க அண்ணன் முடிவு பண்ணிட்டான்ம்மே. பாக்கலாம்."

எதுக்கும் பாக்கலாம்தான். என்னைப் பெண் பார்த்துட்டுப் போய் அவங்க அம்மாகிட்டயும் "பாக்கலாம்"னுதான் சொன்னாராம். கட்டிக்கிட்ட பாவத்துக்கு நானும் கேட்டுக்கினு இருக்கேன்.

அதே வண்டியிலதான் போனோம். புத்தலப்பட்டுகிட்ட திரையில மஞ்சள் படம் வந்துடுச்சு. டீக்கடை ஓரமா நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இவர் புனலை வெச்சு ஊத்தினார். "சத்தியம் பண்ணப் போற வழியிலேயே குடிக்குது பாரு, இதைவிட சாட்சி வேணுமா" என்றார் மூத்தார். டீக்கடைக்காரன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பும் வரலை, கோபமும் வரலை. அங்கேயே எனக்கு உள்ளே என்னமோ மரத்துப்போக ஆரம்பிச்சதுன்னு நினைக்கிறேன். டீ சூடா இருந்ததா ஆறியிருந்ததான்னுகூட ஞாபகம் இல்லை.

அண்ணன் குளத்தண்டை நின்னுக்கினு இருந்தான். சித்தூர்லேர்ந்து பைக்ல வந்திருந்தான். ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். "துன்னியா பாப்பா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். "வாங்க மாப்ளே" என்று இவரையும் கேட்டான். இவர் "ம்" என்றார்.

சட்டையைக் கழட்டி என் கையில குடுத்தான். பைக் சாவியை இடுப்புல செருகிக்கினு படி இறங்கினான். இப்ப சொல்லிடுவான், கடைசிப் படியில திரும்பிச் சொல்லிடுவான்னு பார்த்தேன். சொல்லலை. முழுகிட்டான்.

எழுந்து படியேறி வந்தான். தலையிலிருந்து தண்ணி சொட்டுது. நேரா என் வீட்டுக்காரரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. இவர் குளத்துல இருக்கிற மீனைப் பார்த்துக்கினு இருந்தார். "சரே, பதா," சரி நடன்னு மூத்தார் கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

அண்ணன் நடந்தான். கோயில் பக்கம் போகலை. எங்களைத் தாண்டி, பூக்கடையைத் தாண்டி, வண்டி நிறுத்துற இடத்துக்குப் போனான். ஈரக்கால் தடம் சிமெண்ட் தரையில கொஞ்ச தூரம் தெரிஞ்சது. அப்புறம் பைக் சத்தம் கேட்டது. வெத்து உடம்போட, ஈர வேட்டியோட சித்தூர் வரைக்கும் அப்படியே போயிருக்கான்.

"ஐப்போயிந்தி," என்றார் மூத்தார். முடிஞ்சுபோச்சாம். அவருக்கு அது தீர்ப்பு. சத்தியம் பண்ண முடியாதவன் குத்தவாளி.

சட்டை என் கையில இருந்தது. அழணும்னு தெரிஞ்சது, ஆனா அழுகை வரலை. பக்கத்துல ஒரு அம்மா புடவை முந்தானையைப் பிழிஞ்சுக்கினு இருந்தா. அதுலேர்ந்து எவ்வளவு தண்ணி வருதுன்னு பார்த்துக்கினு நின்னேன். இவர் வந்து "ஏறும்மே" என்றதும் வண்டியில ஏறிக்கினேன்.

அதுக்கப்புறம் அண்ணன் என் போனை எடுக்கலை. அண்ணி எடுத்து, "வெளியில போயிருக்காரு" என்பாள். பின்னாடி அவன் இருமுறது எனக்குக் கேட்கும். சங்கராந்தி வந்தது. போகிக்கு முந்தின நாள் வாசல் கேட் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன், கேஸ் சிலிண்டர்காரன். பொங்கல் வெச்சேன், பொங்கிச்சு. அதுல வெல்லம் போட்டேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. துன்னவங்களும் ஒண்ணும் சொல்லலை. ஆறுதல் சொல்ல வந்தவங்ககிட்ட "ஆமாம், ஆமாம்" என்றேன். எல்லாம் வேற யாரோ வீட்டுல நடக்கிற மாதிரி இருந்தது. சட்டையைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, பீரோவுல என் புடவைக்கு மேல வெச்சேன். திறக்கிறப்பல்லாம் கண்ணுல படும். படட்டும்னு விட்டுட்டேன்.

வண்டியை விக்கவும் முடியலை. இன்ஜினைப் பிரிக்கவும் மூத்தார் ஒத்துக்கலை. மலைக்கு அனுப்பாம, கீழேயே கல்யாணம் காட்சிக்கு ஓட்டினாங்க. ஒரு நாள் காலையில இவர் வாசல்ல நின்னு ஆயில் ஊத்திக்கினு இருந்தார். நான் கோலம் போட்டு முடிச்சிட்டு நிமிர்ந்தேன். ஊத்துற கையைப் பார்த்தேன். ஒரு சொட்டு வெளியில சிந்தலை. அந்தக் கையைப் பார்க்கும்போதுதான் அது எனக்கு உறைச்சது.

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறீங்களே. வாங்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

டப்பாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தார். அப்புறம் மூடியைத் திருகிக்கினே சொன்னார்.

"தெரிஞ்சதும்மே. சைலன்சருக்குள்ள விரலை விட்டுப் பார்த்தேன். கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஆயில் குடிக்குதுன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"மச்சான் கடையை மூடுற நிலைமையில இருந்தான். அந்த வண்டியைச் சீண்டுறவன் இல்லை. வாய்விட்டு உதவின்னு கேட்க மாட்டான், உனக்குத் தெரியாதா. அதான் வண்டியா வாங்கிக்கினேன். அப்பப்ப ஊத்தி ஓட்டிக்கலாம்னு நெனச்சேன்."

கோலமாவு டப்பாவைப் பக்கத்துல வெச்சுட்டு வாசப்படியில உட்கார்ந்தேன். "அன்னிக்கி வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கூட்டுத் தொழில்ல தெரிஞ்சே நட்டம் பண்ணினேன்னு எப்படிச் சொல்றது? மச்சான் தண்ணியில இறங்க மாட்டான், முன்னாடியே ஒத்துக்குவான்னு நெனச்சேன். ஒத்துக்கினா நான் பரவால்ல விடுன்னு சொல்லி முடிச்சிருப்பேன்." புனலைத் துடைச்சு டிக்கியில வெச்சார். "பாக்கலாம்னுதான் இருந்தேன்."

அவரைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்தது. நல்லது பண்ணின மனுஷனை என்னன்னு திட்டுறது. பீரோவைத் திறந்து சட்டையை எடுத்துப் பையில வெச்சுக்கினு பஸ் ஏறினேன்.

சித்தூர்ல அண்ணன் விக்கிற காரையெல்லாம் நிறுத்தியிருந்த இடத்துல யாரோ இளநீர் குவிச்சு வெச்சிருந்தாங்க. வீட்டுல அண்ணிதான் கதவைத் திறந்தா. "வெளியில" என்று ஆரம்பிச்சவ என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. உள்ரூம் கதவு சாத்தியிருந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னேன்.

"அண்ணா, உன் மாப்ளைக்குத் தெரியும்ணா. சைலன்சர்ல விரல் விட்டுப் பார்த்தாராம். தெரிஞ்சேதான் வாங்கினாராம், உனக்காக. நீ அவரை ஏமாத்தலைண்ணா."

உள்ளே கட்டில் சத்தம் போட்டது. எழுந்து உட்கார்ந்திருப்பான் போல. கதவு திறக்கும்னு நின்னேன். அண்ணியும் நின்னா. அவன் குரல் மட்டும் வந்தது.

"அப்போ என்னை ஏன் பாப்பா தண்ணியில இறங்க விட்டாரு?"

சட்டையை அண்ணி கையில குடுத்தேன். துன்னுட்டுப் போன்னு அவ சொன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.