சம்பந்தி கொண்டுவந்த பாட்டில்

திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் அழகுராஜாவுக்கு ஒரு பயம் உண்டு. நாலு பேர் முன்னால் விவரம் இல்லாத ஆளாகத் தெரிந்துவிடக் கூடாது. பசுமலையில் வீடு கட்டியபோது இன்ஜினியர் சொன்னது பாதி புரியவில்லை. கேட்டால் கேவலம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதனால் இன்றைக்கும் அந்த வீட்டுச் சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு இத்தாலிக்காரர் ஒருவர் சம்பந்தியாக வந்தார். மகள் தமிழ்வாணி டூரின் நகரத்தில் மேல்படிப்புப் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். கூட வேலை பார்க்கும் மத்தேயோவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சண்டை, அழுகை எல்லாம் முடிந்து வீட்டில் சம்மதித்தார்கள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே மத்தேயோவும் அவன் அப்பா ஃபிராங்கோவும் மதுரைக்கு வந்து ஓட்டலில் தங்கினார்கள். மத்தேயோவின் அம்மா லூச்சியா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதே ஃபிராங்கோ, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் அழகுராஜாவிடம் கொடுத்தார்.

"பரோலோன்னு ஒரு ஒயின்ப்பா," என்றாள் தமிழ்வாணி. "மத்தேயோ பொறந்த வருசம் அவங்க அம்மா வாங்கினது. கல்யாணத்தப்ப தொறக்கணும்னு எடுத்து வச்சிருந்தாங்களாம். நாளைக்கி சாயங்காலம் நம்ம வீட்டு விருந்துல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குடிப்போம். அதுவரைக்கும் ஆட்டாம நிக்க வச்சே வைங்க."

"தெரியும்மா. பழைய ஒயினுன்னா அப்படித்தான வைப்பாக," என்றார் அழகுராஜா.

அவர் அதுவரை ஒயின் குடித்ததே இல்லை. எப்போதாவது மைத்துனர் செல்வக்குமாரோடு கொஞ்சம் பிராந்தி, அதுவும் நிறைய சோடா ஊற்றி.

மறுநாள் மதியம் மனைவி நாகஜோதியும் மகளும் பூ வாங்கப் போயிருந்தார்கள். அழகுராஜா மொட்டை மாடி அறையில் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடித்ததும் முகம் கோணிவிட்டால்? புரை ஏறிவிட்டால்? ஒரு வாய் முன்னாலேயே குடித்துப் பழகிக்கொண்டால் நல்லது என்று தோன்றியது. செல்வக்குமாரை வரச் சொன்னார்.

கார்க் திறப்பான் வீட்டில் கிடையாது. செல்வக்குமார் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினார். பழைய கார்க், நனைந்த ரஸ்க் மாதிரி பொடிந்து உள்ளே விழுந்தது.

ஒயின் என்றால் நாவல்பழ நிறம் என்று நினைத்திருந்தார் அழகுராஜா. டம்ளரில் விழுந்ததோ செங்கல்லைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தார். முதலில் புளிப்பு. அப்புறம் வாழைக் கச்சலைக் கடித்ததுபோல வாய் முழுக்கத் துவர்த்து இழுத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கன்னத்தின் உள்பக்கம் வறண்டது.

"மாப்ள, இது கெட்டுப்போச்சு."

செல்வக்குமாரும் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "இம்புட்டு வருசம் வச்சிருந்தா கெடாதா மச்சான்? பாவம், அந்த மனுசன் எல்லாருக்கும் முன்னாடி இத ஊத்தி அசிங்கப்படப் போறாரு. நம்மதான் காப்பாத்தி விடணும்."

காப்பாற்றுவது என்ற சொல் அழகுராஜாவுக்கு வசதியாக இருந்தது. திறந்த பாட்டிலை இனி மூடவும் முடியாது. செல்வக்குமார் காளவாசல் பக்கம் போய் இனிப்பு ஒயின் ஒன்று வாங்கி வந்தார். பழையதை ஒரு சொம்பில் ஊற்றினார்கள். அதை மாடி மழைநீர்க் குழாயில் பாதி கொட்டுவதற்குள் கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவசரமாகப் புது ஒயினைப் பாட்டிலில் நிரப்பி, மிச்சம் இருந்த சொம்பைத் தட்டால் மூடி வைத்துவிட்டு இறங்கினார்கள்.

சாயங்காலம் மேசையில் திறந்தபடி இருந்த பாட்டிலைப் பார்த்ததும் ஃபிராங்கோவின் முகம் மலர்ந்தது.

"முன்கூட்டியே தொறந்து காத்தாட வச்சிருக்கீங்களேன்னு ரொம்ப சந்தோசப்படுறார்ப்பா," என்றாள் தமிழ்வாணி.

அழகுராஜா சிரித்து வைத்தார்.

ஃபிராங்கோ ஊற்றினார். கருஞ்சிவப்பாக விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு மனைவியின் பெயரை மெதுவாகச் சொல்லி, கண்ணாடி டம்ளரில் இருந்ததை முழுவதும் குடித்தார். மத்தேயோ ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் கையசைத்து நிறுத்திவிட்டுத் தமிழ்வாணியிடம் தணிந்த குரலில் பேசினார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒயின் கெட்டுப்போயிருச்சாம்ப்பா. அவர் வீட்ல ஒழுங்கா வைக்கலையாம். அத்தை ஆசையா வச்சிட்டுப் போனத இப்படிப் பாழாக்கிட்டேன், உங்க முன்னாடி வெக்கமா இருக்கு, மன்னிச்சிருங்கன்னு சொல்றார்."

அழகுராஜாவுக்குக் காது சூடானது. பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிரே அந்த மனிதர் கைகூப்பிக்கொண்டு நின்றார், கைகூப்புவது எப்படி என்று இங்கே வந்து கற்றுக்கொண்ட கைகள். அழகுராஜா எழுந்து மாடிக்குப் போனார். சொம்போடு இறங்கி வந்தார்.

"சம்பந்தி, உங்க ஒயினு இதுதான். மதியமே நான் தொறந்துட்டேன். எனக்கு இதெல்லாம் குடிச்சுப் பழக்கமில்ல. உங்க முன்னாடி மொகத்தச் சுளிச்சிருவேனோன்னு பயந்து..." சொம்பை மேசையில் வைத்தார். "பாதிய கொட்டிட்டோம்."

தமிழ்வாணி இதை மொழிபெயர்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாகஜோதி கரண்டியைக் கீழே வைத்தாள். செல்வக்குமார் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

ஃபிராங்கோ சொம்பை மூடியிருந்த தட்டை எடுத்துவிட்டு முகர்ந்தார். கண் நிறைந்துவிட்டது. டீ வடிகட்டி கேட்டு வாங்கி, கார்க் துகளை வடித்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார். மட்டன் சுக்காவைக் காட்டி, அதோடு சேர்த்துக் குடிக்கும்படி அழகுராஜாவுக்குச் சைகை செய்தார்.

மதியம் குடித்ததுபோல் இல்லை. காய்ந்த ரோஜா இதழ் வாசம் வந்தது. வெயிலில் இளகிய தார் வாசமும் எங்கோ இருந்தது. துவர்ப்பு இருக்கத்தான் செய்தது, ஆனால் கறியின் கொழுப்போடு சேர்ந்து மெல்ல விட்டுக்கொடுத்தது. நல்லாயிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. மாடிக் குழாயில் கொட்டியது நினைவுக்கு வந்தது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் தமிழ்வாணி பேச்செடுத்தாள்.

"மோந்து பாத்ததுமே இது வேற ஒயினுன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சுப்பா. உங்களக் காட்டிக்குடுக்க வேணாம்னுதான் பழியத் தன் மேல போட்டுக்கிட்டார். எனக்குப் பழக்கமில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் ஒன்னுமே நெனச்சிருக்க மாட்டார்."

அழகுராஜா பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார்.

அதன் பிறகு வீடியோ காலில் ஃபிராங்கோ வந்தால், போனை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விடவில்லை. "எத்தன நாளைக்கி இப்படி ஓடுவீக? பேசுங்க," என்று போனை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

திரையில் ஃபிராங்கோ சிரித்தார். "சாப்டீங்களா, சம்பந்தி?" கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்.

"சாப்ட்டேன்," என்றார் அழகுராஜா. நிமிர்ந்து பார்க்க வெகுநேரம் ஆனது. அதுவரை ஃபிராங்கோ போனை வைக்காமல் காத்திருந்தார்.