மாடியில் வெந்த மாட்டுக்கறி

என் ஐந்தாம் வகுப்பு ரஃப் நோட்டில், ‘கார்த்திகை தீபம் முடிந்து இரண்டாம் ஞாயிறு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது: “தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் – நம்ம நிலம். வெங்காயம், கொத்தமல்லி – சந்தை. கறி – சித்தி.” வருடம் குறிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, பத்து வயதுப் பெண்ணுக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டிருந்தது.

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடியைப் பெரியப்பா, பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். அசைவம் சமைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. கீழே நாங்கள் ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி சாப்பிட்டோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று ஜன்னல்களை மட்டும் சாத்திக்கொள்வோம்.

அந்த வருடம் மாடியில் மெக்சிகோ நாட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் நிலத்து மக்காச்சோளக் கதிரைப் பார்த்ததும் அவருக்குத் தன் வீட்டுச் சமையல் நினைவுக்கு வந்துவிட்டது. மாட்டுக்கறி எங்கே கிடைக்கும் என்று சித்தியிடம்தான் கேட்டார். வீட்டில் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். சித்தப்பா தான் வேலை பார்த்த இடத்தில் விரும்பிக் கட்டிக்கொண்டவர் சித்தி. நம்ம ஆளுங்கதான் என்று சித்தப்பா சொன்னதோடு யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு சித்தியையும் என்னையும் தவிர எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மெக்சிகோ அம்மாள் கறியைக் கத்தியால் அறுக்கத் திணறுவதைச் சற்று நேரம் பார்த்த சித்தி, கீழேயிருந்து அரிவாள்மனையை எடுத்துவந்து உட்கார்ந்தார். துண்டுகள் ஒரே அளவில் விழுந்தன. அகலமான இரும்புச் சட்டியில் வெங்காயமும் சீரகமும் வதங்கி, கறி வெந்து, தக்காளியும் சோளமணிகளும் சேர்ந்து கொதித்தன. கடைசியில் எலுமிச்சை பிழிந்தார்கள். சித்தி ருசி பார்த்துவிட்டு, கொஞ்சம் மிளகு போட்டால் எங்க வீட்டு வறுவலேதான் என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா மாடியேறினார், பின்னாலேயே சித்தப்பாவும். சட்டியைப் பார்த்து என்ன கறி என்று கேட்டார். மெக்சிகோ அம்மாள் கைகூப்பி, மாட்டுக்கறி, நான்தான் வாங்கினேன், தப்புதான் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். பெரியப்பாவின் முகம் தணிந்தது. வெளிநாட்டுக்காரங்க, தெரியாம பண்ணிட்டாங்க, போகட்டும் என்று இறங்கத் திரும்பினார்.

தகவல் தப்பாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்ல பெரியப்பா, சித்திதான் வாங்கினு வந்தாங்க. அரிஞ்சதும் சித்திதான். அவங்களுக்கு அரியவே தெரியல.”

பெரியப்பா சித்தியைப் பார்த்தார். “உங்க வீட்ல இது பழக்கமாம்மா?”

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அவரைப் பார்க்கவில்லை.

“பழக்கந்தாங்க மாமா. இவருக்கும் தெரியும்.”

யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். பெரியப்பா படியிறங்கிப் போய்விட்டார். சற்று நேரம் கழித்துக் கீழே போனபோது, காலையில் எல்லோரும் கிளம்புமுன் சித்தி வைத்த ரசத்தைப் பெரியம்மா பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். காலையில் அதை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டவர் அவர். கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்சிகோ அம்மாள் விசா முடியும்வரை மாடியில்தான் இருந்தார். பொங்கலுக்கு முன்பே சித்தப்பாவும் சித்தியும் வேங்கிக்காலில் தனி வீடு பார்த்துப் போனார்கள். ஆபீசுக்குப் பக்கம் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெரியப்பா போகச் சொன்னாரா, சித்தியே கிளம்பினாரா என்பதில் அப்பா சொல்வதும் சித்தப்பா சொல்வதும் ஒத்துப்போகவில்லை. சித்தியிடம் கேட்டால் தெரிந்துவிடும். இதுவரை கேட்கவில்லை. ஆகவே அது உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே இருக்கிறது.