பத்தாவது பெயர்

தகுதி பார்த்துத்தான் ஆளெடுத்தோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒருமுறை தகுதி பார்த்து ஆளெடுத்திருக்கிறேன். கையில் பேனா, எதிரே ஒரு துண்டுச் சீட்டு, பத்துப் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுபதுகளின் கடைசி. ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசு ஆலையில் ஒயரிங் செக்‌ஷனில் இருந்தேன். நாள் முழுக்க நிறம் நிறமாக ஒயரைப் பிரித்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேலை. சாயங்காலமானால் கண் எரியும், கழுத்து இறுகிவிடும். அதற்கு எனக்கிருந்த ஒரே மருந்து த்ரோபால். வலைக்கு இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். பறந்து வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று எண்ணுவதற்குள் ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். தரையில் விட்டால் பாயிண்ட் போச்சு. எங்கள் ஆலையில் பெண்களுக்கு ஆறு டீம் இருந்தது. ஒயரிங், இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், டிராயிங் ஆபீஸ், கடைசியாகக் கேன்டீன். ஒயரிங் டீமுக்கு எட்டு வருஷமாக நான்தான் கேப்டன்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஆறு டீமும் மோதும். அது முடிந்ததும் ஆறு டீமிலிருந்தும் நன்றாக ஆடிய பத்துப் பேரைப் பொறுக்கி ஒரே டீமாக்கி, வெளியூரில் மற்ற அரசு ஆலைகளோடு ஆட அனுப்புவார்கள். அந்தப் பத்துப் பேருக்குக் கம்பெனி ஒரு பிளேசர் தைத்துக் கொடுக்கும். அரக்குச் சிவப்பு, நெஞ்சுப் பையில் ஜரிகை நூலில் கம்பெனி முத்திரை. அதைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவளுக்கு ஜன்னலோரம் தானாகக் காலியாகும். எனக்கு அந்தப் பிளேசர் மேல் ஒரு வெறி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறி. எட்டு வருஷம் கேப்டனாக இருந்தும் ஒருமுறைகூட என் பெயர் வரவில்லை. எனக்கு முப்பத்தாறு வயதாகியிருந்தது. முட்டி வலி வேறு. ஒயரிங்கிலேயே என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், அது எனக்கே தெரியும்.

அந்த வருஷம் ஆடியவர்களில் கேன்டீன் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில்கூட வேறு யாரும் வரமுடியாது. இருபத்திரண்டு வயதிருக்கும். இதே ஊரில் லாலாகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தினக்கூலி. காலையில் இட்லி அண்டா தூக்குவாள், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் செக்‌ஷன் செக்‌ஷனாக டீ வண்டி தள்ளிக்கொண்டு வருவாள். சூடு பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன கை. எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அந்தக் கையில் ஒட்டிக்கொண்டுவிடும். நாங்களெல்லாம் கேன்வாஸ் ஷூ போட்டு ஆடினோம், அவள் வெறுங்காலோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். வலையை உரசுகிற மாதிரி தாழ்வாக எறிவாள், மூலையில் போய் விழும். எங்கள் டீமை அவள் ஒருத்தியே தோற்கடித்தாள் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

அவளுக்குப் பிளேசர் முக்கியமில்லை. கம்பெனி டீமில் இடம் கிடைத்த தினக்கூலிக்காரர்களை நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது எங்கள் ஆலையில் வழக்கம். ஆண்கள் டீமில் அப்படி உள்ளே வந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. இவள் வீட்டில் அப்பா இல்லை, அம்மாவுக்கு மூச்சிரைப்பு, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். வீட்டில் அடுப்பெரிவது இவள் கூலியில்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாகிவிட்டால் பிழைத்தாள், இல்லாவிட்டால் டீ வண்டிதான். இது ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

பத்துப் பேரை யார் பொறுக்குவது? ஆறு கேப்டன்கள்தான். முந்தின வருஷம் ஒவ்வொருத்தியும் தன் செக்‌ஷன் ஆட்களையே எழுதி வைத்து, பெரிய சண்டையாகி, முடியைப் பிடிக்காத குறை. அதனால் இந்த வருஷம் பர்சனல் ஆபீசர் ஒரு விதி போட்டார். கேப்டன் ஒவ்வொருத்தியும் பத்துப் பெயர் எழுதலாம், ஆனால் தன் செக்‌ஷன் பெயர் ஒன்றுகூட எழுதக் கூடாது. வடக்கத்திக்காரர், அவருக்குத் தன் விதி மேல் அப்படி ஒரு பெருமை. இதில் யாரும் தில்லுமுல்லு செய்யவே முடியாது என்று எங்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார். பாவம், எங்களை அவருக்குத் தெரியாது.

சீட்டு எழுதுவதற்கு முந்தின நாள் மூன்று மணி டீக்கு அவள் வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு என் மேஜையருகே வண்டியை நிறுத்தினாள்.

“அக்கா, நாளைக்கு என் பேரு எழுதுவீங்களா?”

“உன் பேரை எழுதாம எவளால இருக்க முடியும்? போடி, டீ ஆறுது.”

“ஹவ் அக்கா,” என்றாள். ஆமாம், வேண்டாம் எல்லாம் அவளுக்கு ஹவ், நக்கோதான், ஹைதராபாத் உருது. “எல்லாரும் இதேதான் சொல்றாங்க. அதான் பயமா இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உனக்கென்னடி பயம்? அஞ்சு ஓட்டும் உனக்குத்தான்.”

“அஞ்சு நக்கோ அக்கா. நீங்க எழுதிடுங்க, எனக்கு அது போதும். வேற யார்கிட்டயும் நான் கேக்கல.”

“எழுதறேன், போ,” என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மல்காஜ்கிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது இன்ஸ்பெக்‌ஷன் டீம் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. தஞ்சாவூர்ப் பக்கம், நைச்சியமாகப் பேசுவாள்.

“இந்தத் தடவை உங்க பேரை நான் எழுதறேன். ஸ்டோர்ஸ்காரியையும் எழுதச் சொல்லிட்டேன். நீங்க எங்க பொண்ணு ஒருத்தியை எழுதிடுங்கோ.”

அவள் சொன்ன பெண் எனக்குத் தெரிந்தவள்தான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

“அவளா? சுமாராத்தானே ஆடுவா.”

“சுமார்தான். நல்ல பொண்ணு. கல்யாணத்துக்குப் பாத்துண்டிருக்கா, கம்பெனி டீம்னா நாலு பேர் மதிப்பா.”

“எங்கிட்ட இடமே இல்லையே. கேன்டீன் பொண்ணு இருக்காளே.”

“அவளை எழுதாதவ யாரு? நீங்க ஒருத்தர் விட்டா நாலு ஓட்டு விழப் போறது. உங்க ஓட்டு அவளுக்கு வீண்.”

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

பத்து மணிக்குப் பர்சனல் ஆபீசில் ஆறு பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். ஒன்பது பெயர் மளமளவென்று எழுதினேன். பத்தாவதில் பேனா நின்றது. அந்த ஒன்பதில் ஒன்றை வெட்டிவிட்டு இரண்டு பேரையும் எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். அதில் பாதி இதே மாதிரி வாக்குக் கொடுத்து வந்தவை, மீதி என் ஓட்டு இல்லாவிட்டால் தேறாதவை. வராண்டாவில் டீ வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. நாலு ஓட்டு விழப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடுகிறவள் பெயரை எழுதி மடித்துக் கொடுத்தேன்.

ஆபீசர் ஒவ்வொரு சீட்டாகப் படிக்க, கிளார்க் கரும்பலகையில் கோடு போட்டான். எனக்கு மூன்று கோடு விழுந்தது. என் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நாலாவது சீட்டு வரை கேன்டீன் பெண்ணுக்கு ஒரு கோடுதான். ஐந்தாவதில் இன்னொன்று. ஆறாவதில் இல்லை. ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. பத்தாவது இடத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒருத்தி கேன்டீன் பெண். இன்னொருத்தி நான் எழுதிய இன்ஸ்பெக்‌ஷன் பெண்.

ஓட்டுச் சமமானால் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்கு என்று விதி. தினக்கூலிக்கு ஏது சர்வீஸ்? முடிந்தது.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். அக்கவுண்ட்ஸ் அம்மாள் மட்டும், “நான் எழுதினேன்” என்றாள். ரிட்டயராகப் போகிறவள், யாரோடும் பேரம் பேசாதவள். இன்னொரு ஓட்டு யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேன்டீன் கேப்டன் வயதான தெலுங்குக்காரி. எழுந்து நின்று எங்கள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். “எங்க பொண்ணை நான் எழுதக் கூடாது. நீங்க அஞ்சு பேர் இருந்தீங்களே,” என்று உடைந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அன்று மூன்று மணிக்கு டீ வண்டி வந்தது. அவள் ஒன்றும் பேசாமல் டம்ளரை வைத்தாள். நான் பற்றவைத்த ஒயரையே மறுபடி பற்றவைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆபீசரிடம் போனேன். நான் விலகிக்கொண்டால் என் இடம் யாருக்கு என்று கேட்டேன். அடுத்த ஓட்டுக்காரிக்கு, அதாவது கேன்டீன் பெண்ணுக்கு, எழுதிக் கொடுத்தால் இன்றே மாற்றிவிடலாம் என்றார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வரி போதும். நல்ல மனுஷர், தன் பேனாவைக்கூட மூடி கழற்றிக் கொடுத்தார். அதே அறையின் மூலையில் தையற்காரர் அரக்குச் சிவப்புத் துணியைக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார். புதுக் கம்பளி வாசனை. நான் அந்தத் துணியைப் பார்த்தேன். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்.

“பிளேசருக்கு அளவெடுக்க எத்தனை மணிக்கு வரணும் சார்?”

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

பெங்களூருக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினோம். கண்ணை மூடுகிறவளை மூன்று பாயிண்ட் போனதும் வெளியே எடுத்துவிட்டார்கள். நான் மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. மே மாத வெயிலில் கம்பளிப் பிளேசரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன், முதுகெல்லாம் வேர்க்குரு.

திரும்பி வந்து இரண்டு மாதத்தில் கேன்டீனைக் காண்ட்ராக்டுக்கு விட்டார்கள். காண்ட்ராக்டர் தன் ஆட்களைக் கொண்டு வந்தார். தினக்கூலிக்காரர்களையெல்லாம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு யாரோ ஒரு பையன் வண்டி தள்ளிக்கொண்டு வந்தான். டீ தண்ணீராக இருந்தது. செக்‌ஷனில் எல்லோரும் டீயைத்தான் குறை சொன்னார்கள்.

பத்து வருஷம் போயிருக்கும். ஒரு டிசம்பர் காலை, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். நல்ல குளிர். புடவைக்கு மேல் அந்தப் பிளேசரைத்தான் போட்டிருந்தேன். என்னிடமிருந்த ஒரே கம்பளிச் சட்டை அதுதான், வேறென்ன செய்ய.

“அக்கா,” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல். அவள்தான். இளைத்துப் போயிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. அந்தக் காலனியில் நாலு வீட்டில் சமைக்கிறாளாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாளாம். தம்பிகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்களாம். எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னாள். திட்டப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“எவரம்மா?” என்று குழந்தை தெலுங்கில் கேட்டது.

“அம்மா பந்து ஆடினேன்னு சொல்வேன் இல்ல, அப்போ எல்லாரும் கை விட்டுட்டாங்க. இந்த ஆண்ட்டிதான் அம்மாவுக்கு ஓட்டுப் போட்டவங்க.” என்னைப் பார்த்தாள். “அக்கவுண்ட்ஸ் அம்மாது ஒண்ணு. இன்னொண்ணு உங்களுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா. நீங்க வாக்குக் குடுத்தீங்களே. அப்பவே வந்து தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். அழுதுடுவேன்னு பயந்து பேசாம வந்துட்டேன்.”

காய்த்த கையால் பிளேசர் கையைத் தடவிப் பார்த்தாள். “இன்னும் புதுசா வெச்சிருக்கீங்க,” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வரவில்லை, பக்கத்தில் யாருமில்லை, வாய் இருந்தது. “ஆமாம்மா, எழுதினேன்,” என்றேன்.

அவள் குழந்தையின் முதுகில் லேசாகத் தட்டினாள். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, “தேங்க்ஸ் ஆண்ட்டி” என்றது.

“பரவாயில்லம்மா,” என்றேன்.