செல்லாத ஓர் உதை: கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி, திரும்பவும் கோப்பாய்

என் மோட்டார் சைக்கிளை விற்பதென்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்தார்கள். கனடாவில் இருக்கும் மகன் அந்தக் குழுவில் இருக்கிறான். கோப்பாயில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மகள் இருக்கிறாள். வண்டிக்குச் சொந்தக்காரனான நான் இல்லை. மானிப்பாயிலிருந்து ஒருவர் நாளை பின்னேரம் வந்து பார்த்து எடுப்பார் என்று போன வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாட்டில் புட்டுப் போட்டுக்கொண்டே மகள் சொன்னாள்.

காரணம் என் வலது முழங்கால். எழுபத்திரண்டு வயதாகிறது, இரண்டு வருடம் முன்பு அந்த முழங்காலுக்காக மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வண்டியோ எண்பதுகளில் வந்த தொண்ணூறு சீ.சீ. யப்பான் வண்டி. பொத்தானை அமர்த்தினால் கிளம்பாது, உதைக்க வேண்டும். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டி அது. அதை என் காலுக்குப் பாரம் என்று சொல்ல எனக்குத்தான் உரிமை.

"நாளைக்கு விடிய வெளிக்கிட்டு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி எண்ட மூண்டு பகுதியையும் தொட்டுக்கொண்டு வாறன்," என்றேன். "வேறை ஆள் ஒருக்கால் உதைஞ்சாலும் உன்ரை மானிப்பாய்க்காரனுக்குக் குடு."

"உதைக்காட்டி?"

"அவரை வரவேண்டாமெண்டு சொல்லு."

"சரி," என்றாள். லேசில் சரி சொல்லுகிற பிள்ளை இல்லை. ஆகவே நான் தோற்பேன் என்று நம்பியிருந்தாள்.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் கோட்டை, நூலகம், ஒரு கிண்ணம் ஐஸ்கிறீம் என்று படம் போட்டுவிட்டு எல்லாம் பார்த்துவிட்டோம் என்று எழுதுகிறார்கள். தோட்டங்களையும் சின்னப் பட்டினங்களையும் அவர்கள் பஸ் யன்னலால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்காக நான் போன பாதையை இங்கே எழுதுகிறேன். முழுச் சுற்றும் ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீற்றர். ஏற்ற இறக்கம் கிடையாது.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். முதல் உதையிலேயே கிளம்பியது. படலையடியில் நின்ற மகள், "சுணங்குமோ?" என்று, திரும்பிவரத் தாமதமாகுமா என்பதை மட்டும் கேட்டாள். வெளிக்கிடுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று இங்கே கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நீங்கள் தங்கும் வீட்டு அம்மா "தூரத்துக்கோ?" என்று கேட்டால் அவர் விசாரிப்பது நீங்கள் போகும் இடத்தைத்தான். வழியை விவரமாகச் சொல்லுங்கள்.

நீர்வேலியில் பாதையின் இரு பக்கமும் வாழை. முட்டுக் கொடுத்து நிறுத்திய குலைகளுக்கு நடுவே செம்மண் நனைந்து கிடந்தது. காலை வெயில் அதில் படும்போது ஒரு முறையாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். புத்தூரில் வெங்காயத் தறைக்கு ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் தண்ணீர்ப் பம்புகள் திருத்தியவன் நான். அவருடைய பம்பு காற்று இழுப்பது வீதியிலேயே கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அவர் பம்பைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"அண்ணை, உது இன்னும் ஓடுதோ?"

"நான் வந்ததைக் கண்டனீர்தானே."

"இல்லை, தள்ளிக்கொண்டு வந்தனீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

இரண்டாம் உதையில் கிளப்பிக் காட்டினேன். மண்வெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அங்கிருந்து கிட்டத்தில் நிலாவரைக் கிணறு. ஆழம் காணமுடியாத கிணறு என்று ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். கதையைக் கேட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பாருங்கள்.

அச்சுவேலிச் சந்தியில் பழைய கடைகள் சில இன்னும் பலகைக் கதவோடு இருக்கின்றன. காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோடு சாத்தும் சத்தம் எனக்குப் பிடிக்கும். பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து நாலு தரம் உதைக்க வேண்டியிருந்தது. தேநீர்க் கடைக்காரர் கூப்பிடாமலே உதவிக்கு வந்தார். கையைக் காட்டித் தடுத்துவிட்டேன்.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வைகாசியிலிருந்து அப்படித்தான், மெதுவாகப் போங்கள். பிறகு வல்வெட்டித்துறை, கடலோடு ஒட்டிய பாதை, கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள். ஒன்பது மணிக்குப் பருத்தித்துறை. அங்கே தெருமூடி மடத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பெயரில் உள்ளதுதான்: கல்தூண்களின் மேல் ஒரு கூரை, அதன் கீழால் தெரு போகிறது. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியது. நானும் ஒதுங்கினேன். பட்டினத்தில் வாங்கிய தட்டை வடை நாலை அந்தக் குளிர்ந்த கல்லில் இருந்து தின்றேன். இவ்வளவு நல்ல இடத்தில் ஒரு குப்பைத்தொட்டி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் வண்டி மறுத்தது. சூட்டோடு நிறுத்தியதில் எஞ்சினுக்குள் பெற்றோல் கூடிப்போய்விட்டது. பத்துத் தரம் உதைத்திருப்பேன். முழங்கால் எரியத் தொடங்கியது. வாடகை ஸ்கூட்டரில் ஊர் பார்க்க வந்த ஒருவர், மதுரைக்காரர், நாற்பது வயது இருக்கும், ஓடி வந்து வண்டி சரியாமல் ஹாண்டிலைப் பிடித்தார். நல்ல மனுசன்தான். ஆனால் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்னால் உதைக்க முடியாது. ஹாண்டிலைப் பார்த்துச் சொன்னேன்:

"உதை விடும் தம்பி."

எங்கள் பேச்சில் எனக்குப் பக்கத்தில் இருப்பது இது, தூரத்தில் இருப்பது அது, கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. இதை, அதை என்பதுபோல உதை. கையில் பிடித்திருப்பதை விடும் என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், காலைத் தூக்கினார், ஓங்கி ஓர் உதை விட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் வண்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

"ஐயா, ஏன் ஆஃப் பண்ணீட்டீங்க? இதுக்குத்தானே இவ்வளவு நேரம் பாடுபட்டீங்க?"

"அது செல்லாது."

"எது?"

"நீர் உதைஞ்சது."

"நீங்கதானே உதை விடச் சொன்னீங்க?"

"நான் உதை விடச் சொன்னது உதை விடச் சொல்லி."

வெயில் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இது, அது, உது மூன்றையும் சொல்லி, மகளோடு பேசிய ஒப்பந்தத்தையும் சொன்ன பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிங்க ஐயா. தள்ளலாமா, இல்ல அதுக்கும் ஏதாவது சட்டம் இருக்கா?"

யோசித்தேன். "தள்ளலாம். தள்ளுறதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

இரண்டாம் கியரில் போட்டு அவர் தள்ளக் கிளம்பியது. அந்த உதையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறவர்கள் கீழே எழுதலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கேட்காத உதை; அதால் ஓர் அடிகூட நான் போகவில்லை.

அதன்பிறகு வண்டியை நிறுத்தத் துணியவில்லை. ஆகவே நெல்லியடிப் பட்டினத்தைப் பற்றி விரிவாக எழுத முடியாது, நான் இறங்கவில்லை. சந்தி நல்ல கலகலப்பு, பஸ்கள் கவனம். வரணிப் பக்கம் செம்மண் போய் வெள்ளை மணல் வந்துவிடும். பனையும் தென்னையுமாகப் பாதை நிழலாகும். கொடிகாமம் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்திருந்தது. ஓடும் எஞ்சினோடு வாசலில் நின்று விலை கேட்டேன்.

"இறங்கி வந்து பாருங்கோ ஐயா, நான் கடிக்கமாட்டன்," என்றார் விற்ற அம்மா.

"இறங்கேலாது பிள்ளை."

"ஏன், சீற்றோடை ஒட்டிப்போச்சோ?"

ஒரு கிலோவைக் கட்டிக்கொண்டு வந்து அவரே ஹாண்டிலில் கொழுவிவிட்டார். இறங்காதவன் கூலி என்று ஒரு பழம் கூடப் போட்டார்.

சாவகச்சேரியில் பெற்றோல் முடியும் நிலை. பெற்றோல் செட்டில் எஞ்சினை நிறுத்தாமல் அடிக்க மாட்டார்கள், அது நியாயம். நிறுத்தினேன், அடித்தேன், ஓரமாகத் தள்ளிப்போய் உதைத்தேன். ஐந்தாம் தரம் முழங்கால் மடங்க மறுத்தது. செட்டில் வேலை செய்கிறவர் வந்தார், ஓட்டோக்காரர் ஒருவர் வந்தார். உதைக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான் சொன்னேன். தள்ளச் சொல்லியிருக்கலாம், காலைத் தூக்கி ஏறினால்தானே தள்ளுவதற்கு. மதில் நிழலில் இருந்து அரை மணித்தியாலம் காலை நீவினேன். அந்த ஓட்டோக்காரர் ஓர் உதை உதைத்தால் வீட்டுக்குப் போகலாம். பின்னேரம் வண்டி மானிப்பாய்க்குப் போய்விடும். கடைசியில் மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எங்கை நிக்கிறியள்?"

"சாவகச்சேரி. பெற்றோல் செட்டடி."

"ஆரும் உதைஞ்சதோ?"

"உதைக்க விட்டிருந்தால் உனக்கேன் எடுக்கிறன்?"

"உங்கையே நில்லுங்கோ. வாறன்."

ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அவளுடைய ஹெல்மெட். ஓட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"உன்ரை ஸ்கூட்டி எங்கை?"

"ரெண்டையும் ஆர் ஓடுறது?"

சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பெற்றோல் குழாயைப் பூட்டினாள், காற்றுப் போக ஹாண்டில் பிடியை முழுக்கத் திருகி வெறுமனே மூன்று தரம் மிதித்தாள், பிறகு குழாயைத் திறந்து ஓர் உதை. பிடித்துக்கொண்டது. கூடிப்போன பெற்றோலை அப்படித்தான் வெளியேற்ற வேண்டும். பருத்தித்துறையில் கோபத்தில் நான் அதை மறந்துபோனேன்.

"எப்ப பழகினனீ?"

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை இதை ஆர் ஸ்டார்ட் பண்ணி வச்சதெண்டு நினைச்சனீங்கள்? நான்தான். கோப்பாய்ச் சந்திமட்டும் ஓடியும் பாத்தனான். ஏறுங்கோ."

அந்த வண்டியின் பின்சீற்றில் நான் அதற்குமுன் இருந்ததில்லை. கைதடியால் திரும்பிக் கோப்பாய்க்கு வரும் பாலத்தில் இரு பக்கமும் உப்பாற்றுத் தண்ணீர். எத்தனையோ தரம் ஓடிய பாதை. நடுவில் கால் நனைய நின்று ஒருவர் வலை வீசுவதையும், அவருக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாகக் காத்து நிற்பதையும் அன்றுதான் கண்டேன். ஓடுகிறவன் குழியைத்தான் பார்க்கிறான்.

"தோத்துப்போனியள் அப்பா," என்று காற்றில் கத்தினாள்.

"என்னண்டு?"

"நான் உதைஞ்சனான்தானே."

"வேறை ஆள் உதைக்கப்படாது எண்டுதான் கதை. நீ வேறை ஆளோ?"

பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள், எஞ்சினை நிறுத்தவில்லை. மானிப்பாய்க்காரருக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, இண்டைக்கு மினைக்கெட்டு வராதேங்கோ. அப்பா குடுக்கிறாரில்லை," என்றாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே, "ஆனால் இனித் தூரத்துக்கு நான்தான் ஓடுவன்," என்றாள். நான் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

போகிறவர்களுக்குச் சில புத்திமதிகள். காலை ஆறுக்குள் புறப்படுங்கள். பதினொரு மணிக்குமேல் தார் வீதி அடுப்பு. பெற்றோலைக் கோப்பாயிலேயே நிரப்புங்கள். எனக்குத் தேநீர், வடை, மாம்பழம், பெற்றோல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, ஓட்டோக் காசு மகளுடையது. உதைத்துக் கிளப்பும் பழைய வண்டி என்றால் சூட்டோடு நிறுத்தி வெயிலில் விடாதீர்கள். தனியே போவதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் இன்னும் சொல்லுவேன். ஆனால் இருவராகப் போனால் முன்னால் ஒருவர் ஓட, பின்னால் இருப்பவருக்கு ஊர் தெரியும். பின்னால் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லி மகள் பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன். ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.