காருக்குள் குடியிருந்தவர்

மஸ்கட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த வீட்டில், வீட்டுக்காரர் காருக்குள் குடியிருந்தார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கிறேன். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல், "சேச்சி கல்ஃபிலே இருந்ததல்லே, எதாச்சும் சொல்லுங்க" என்பார்கள். சொல்வேன். சிரிப்பார்கள். நின்றுகொண்டே அவசரமாகச் சொல்லிச் சொல்லி அதில் சிரிப்பு மட்டும்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது. ஒரு தடவையாவது உட்கார்ந்து நடந்தபடி சொல்ல வேண்டும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நர்ஸிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓர் ஏஜென்ட் மூலமாகப் போனேன். கல்யாணம் ஆகாத வயது. அந்த வீட்டில் மூன்றே பேர். அறுபதைத் தாண்டிய கணவர், அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஒரே மகள். அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷையில் என்னோடு பேசுவார்கள். கொஞ்ச நாளில் எனக்கும் அது பழகிவிட்டது.

போன முதல் நாளே அந்த அம்மா ஒரு தட்டில் சோறும் மீனும் வைத்து, "முற்றத்தில் வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே இருக்கிற ஆளிடம் கொடு" என்றார். டிரைவர் என்று நினைத்தேன். பின்சீட்டில் தலையணை, போர்வை, டீ கெட்டில், மடித்து வைத்த உடுப்புகள். முன்சீட்டில் வெள்ளைத் தாடியோடு ஒருவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தட்டை வாங்கி ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு இல்லை என்று அவளிடம் சொல்" என்றார்.

மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். முற்றத்தில் வீட்டுக்காரருடைய அப்பா நட்ட ஓர் எலுமிச்சை மரம் இருந்ததாம். அவர் ஊரில் இல்லாதபோது அம்மா அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் புது அடுக்களை கட்டிவிட்டார். திரும்பி வந்தவர், இனி இந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து கார்தான். குளிப்பதும் தொழுவதும் எதிரே உள்ள பள்ளிவாசலில். வெயில் காலத்தில் ஏ.சி.க்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் தீர்ந்தால் பம்புக்கு ஓட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவார்.

இருவரும் நேரே பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான். "அடுக்களை ஆகாது, அதில் சமைத்த சோறு மட்டும் ஆகுமா என்று கேள்" என்பார் அந்த அம்மா. நான் முற்றத்துக்குப் போய், "சோறு போதுமா என்று கேட்டார்கள்" என்பேன். "அவளுக்கு வயதாக ஆக நாக்கும் செத்துப்போயிற்று என்று சொல்" என்பார் அவர். நான் உள்ளே வந்து, "மீன் நன்றாக இருக்கிறதாம்" என்பேன். நாள் முழுக்க இதே நடை. சுட்டுக் கிடக்கும் முற்றத்தில் போய் வந்து என் பாதம் வெடித்துப்போனது. துணி துவைப்பதும் வீடு பெருக்குவதும் எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை. அந்தப் பேச்சைச் சுமந்ததுதான் களைப்பு. ஆனால் திட்டிக்கொண்டே அந்த அம்மா முள் குறைந்த துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. டிரைவிங் டெஸ்டில் தோற்றுக்கொண்டே இருந்தாள். வேறு கார் கிடையாது. அப்பா இறங்க மாட்டார். அதனால் அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டே ஓட்டிப் பழகினாள். துணைக்கு நானும் போக வேண்டும். பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து கெட்டில் உருளும், அவர் வைவார்.

ஒரு நாள் காலையில் அந்த அம்மா அடுக்களை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் திரும்பி வீங்கிவிட்டது. நானும் மகளும் இரண்டு பக்கமும் தாங்கி, ஒற்றைக் காலில் முற்றம் வரைக்கும் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் கார்க் கதவைத் திறந்து தலையணையை எல்லாம் வாரி ஓரமாக ஒதுக்கினார். கார் அருகே வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"அந்த ஆளின் வீட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன் என்று சொல்."

அவர் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். இருந்தும் என்னைப் பார்த்து, "அவளாக வந்து ஏறினால் ஏறட்டும், நான் கெஞ்ச மாட்டேன் என்று சொல்" என்றார்.

"மரத்தை வெட்டியது சரிதான் என்று சொல்."

"கால் ஒடிந்ததும் சரிதான் என்று சொல்."

அந்த அம்மாவின் பாரம் முழுக்க என் தோளில். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. என் ஊர்ப் பேச்சில் கத்திவிட்டேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்களேன்! காலு ஒடிஞ்சு நிக்கியாவ, இப்பமும் சண்டையா? எனக்க தோளு போவுது!"

ஒரு வார்த்தைகூட அவர்களுக்குப் புரிந்திருக்காது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சத்தமில்லாமல் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். அவர் போர்வையைச் சுருட்டி அந்தக் காலுக்கு அடியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு லைசென்ஸ் இல்லாத மகள்தான் ஓட்டினாள்.

கட்டுப் போட்டு வந்த பிறகு அந்த அம்மா பல வாரம் படுக்கையில் இருந்தார். அப்போதும் அவர் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் காரைக் கிளப்பி, முற்றத்தைச் சுற்றிக் கொண்டுபோய், படுக்கை அறை ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். அன்றிலிருந்து ஜன்னல் வழியே நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்த நேரத்தில் ஒரே ரேடியோவை இருவரும் கேட்டார்கள். என்னை யாரும் முற்றத்துக்கு அனுப்பவில்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயித்தார்கள், நான் திரும்பிவிட்டேன். அவர் கடைசி வரைக்கும் சத்தியத்தை மீறவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆஸ்பத்திரியில்தான் இறந்தாராம். அந்த அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை.

மகள் எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன மாதம் கூப்பிட்டாள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. குரல் அப்படியே அம்மா குரல்.

"இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். நீ வருவாயா? வேலை ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இரு, போதும்."

மறந்திருந்த அந்த பாஷையில் வார்த்தை தேடி, முட்டு வலி என்றேன், என் வீட்டுக்காரருக்கு சுகர் என்றேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். "யோசித்துச் சொல்" என்று வைத்துவிட்டாள்.

போக முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்னும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.