மார்வா கம்பி பூட்டிய நாள்

மார்வா ஸ்டாடர்டுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஐடஹோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். பசியோடு இருநூறு பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தினாலும் கரண்டி நடுங்காமல் பரிமாறிய கை அவளுடையது. அப்படிப்பட்டவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அவளும் கணவனும் வண்டியில் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டின் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு.

டிரெய்லரின் மூக்கு பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்ததும் வண்டியின் வால் தாழும், முகம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் பாரம் இல்லாவிட்டால் வளைவில் ஸ்டீயரிங் நம் பேச்சைக் கேட்காது. அதனால் பிக்கப்பின் பின்னாலுள்ள கொக்கியில் இரண்டு கனத்த கம்பிகளைச் செருகி, மறுமுனையை டிரெய்லரின் சட்டத்தோடு சங்கிலியால் மேலே இழுத்து விறைப்பாக மாட்டுவார்கள். அந்த விறைப்பு பாரத்தை முன்சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். மாட்டுவதற்கு ஒரு குழாயை நெம்புகோலாகப் போட்டு மேலே தள்ள வேண்டும். பாதியில் கை நழுவினால் குழாய் சாட்டைபோலத் திரும்பி வரும். ஒன்பது வருஷத்துக்கு முன் அது அவள் கணவன் ராய்ஸின் தாடையை உடைத்தது. ரத்தம் ஊறிய துண்டை அவன் வாயில் அழுத்திக்கொண்டே நாற்பது மைல் வண்டி ஓட்டியவள் மார்வா. அதற்குப் பிறகு அவன் கம்பி மாட்டும்போதெல்லாம் அவள் டிரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ராய்ஸ் பீட்ரூட் லாரி ஓட்டியவன். அந்த வருஷம் மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறியது. வீட்டை ஏற்கெனவே விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியிருந்தார்கள். ஜூனில் மருமகன் டிரெய்லரை ஓட்டிவந்து எங்கள் முகாமின் நான்காம் இடத்தில் நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வந்து இறக்கித் தருவதாகச் சொல்லிப் போனான். முகாமைப் பார்த்துக்கொள்பவள் நான், லெட்டி. டிரெய்லர்கள் நிறுத்த ஓடைக் கரையில் பதினேழு இடங்கள். மலையிலிருந்து கீழே போக ஒரே பாதை, பதினான்கு மைல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஷெரீஃபின் போலீஸ்காரன் ஒருவன் ஜீப்பில் வந்து இறங்கினான்.

"காட்டுத்தீ மலையைத் தாண்டிடுச்சு. நாப்பது நிமிஷம், அவ்வளவுதான். டிரெய்லரை மாட்ட முடிஞ்சவங்க மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க, முடியாதவங்க விட்டுட்டுக் கிளம்புங்க."

நான் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். நான்காம் இடத்துக்குத் திரும்பி வந்தபோது பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். சூரியன் செம்புக்காசு மாதிரி ஆகியிருந்தது. சாம்பல் விழ ஆரம்பித்திருந்தது. மார்வா பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் இடது கையால் சைகை காட்ட, அவள் வண்டியை டிரெய்லரை நோக்கிப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும்... இன்னும்... நில்லு!"

அவள் இறங்கி ஓடிவந்து, டிரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்கும் ஜாக்கியின் பொத்தானை அழுத்தினாள். டிரெய்லரின் மூக்கிலிருந்த கிண்ணம் மெல்ல இறங்கிக் கொக்கியின் உருண்டைமேல் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைப் போட்டு ஊசியைச் செருகினாள்.

"உக்காந்துடுச்சு," என்றான் ராய்ஸ். "கம்பியெல்லாம் வேணாம். காப்புச் சங்கிலியை மட்டும் போட்டுட்டுக் கிளம்பு."

"இழுத்துப் பாத்துடறேன்."

"மார்வா, தீ வருதுடி!"

"எனக்கும் கண்ணு இருக்கு ராய்ஸ்."

ஜாக்கியை மேலே ஏற்றினாள். சரியாகப் பூட்டியிருந்தால் பிக்கப்பின் வாலும் கூடவே உயர வேண்டும். வால் அசையவில்லை. மூக்கு மட்டும் தனியாக எழுந்தது. கிண்ணம் உருண்டைமேல் ஏறி நின்றிருந்ததே தவிர அதை உள்ளே வாங்கவில்லை. தாழ்ப்பாள் வெறும் காற்றைத்தான் கவ்வியிருந்தது.

அப்படியே ஓட்டியிருந்தால் முதல் வளைவிலேயே வீடு ஆற்றில். ராய்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பாத்தேன்... உக்காந்த மாதிரிதான்..."

"புகையில யாருக்குத் தெரியும்? விடு," என்று சொல்லிக்கொண்டே மார்வா மறுபடி வண்டியில் ஏறினாள். ஒரு விரல்கடை பின்னால் எடுத்தாள். இறங்கினாள். ஜாக்கியை இறக்கினாள். இந்த முறை 'டொக்' என்று ஒரு சத்தம். தாழிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாள். பிக்கப்பின் வால் முனகிக்கொண்டே உயர்ந்தது.

காப்புச் சங்கிலிகளைக் குறுக்கே மாற்றிப் போட்டாள். டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய வடத்தை மாட்டினாள். விளக்குக்கான ஒயரைச் செருகினாள். எல்லாம் செய்துவிட்டு இரும்புக் கம்பிகளின் முன் வந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். கை நீளவில்லை.

ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. "இன்னும் பத்து நிமிஷம்! லெட்டி, இவங்களை உன் வண்டியில ஏத்து!"

"மார்வா, விட்டுட்டு வா. உயிரைவிடவா இது?" என்றேன்.

"வேணாம்டி," என்றான் ராய்ஸும். குரல் உடைந்திருந்தது. "அந்தக் குழாய் உன் மேல பட்டா நான் என்ன பண்ணுவேன்? என்னால தூக்கக்கூட முடியாது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தனாவது வளையம்?"

அவன் இடது கையை வேண்டாமென்று ஆட்டினான்.

"ராய்ஸ், வாயைத் திற. எத்தனாவது வளையத்துல மாட்டுவ?"

"அஞ்சு. ஜாக்கியை இன்னும் நல்லா ஏத்து. ஏத்துனாத்தான் கம்பி இளகும். குழாய்க்கு நேரா நிக்காத. பக்கவாட்டுல நில்லு. முகத்தைக் கொண்டுபோகாத."

ஜாக்கி ஆமை வேகத்தில் ஏறியது. பைன் மரங்கள் வெடிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. முதல் கம்பியைச் செருகி, சங்கிலியில் ஐந்தாம் வளையத்தை எண்ணி மாட்டி, குழாயைப் போட்டு, உடம்பை ஒருக்களித்துக்கொண்டு தள்ளினாள். கம்பி விறைத்து நின்றது. ஊசியைப் போட்டாள்.

இரண்டாவது கம்பி பாதிக்கு வந்தபோது வியர்வையில் கை வழுக்கியது. குழாய் விர்ரென்று திரும்பி, அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை வெட்டிக்கொண்டு போய் ஜல்லியில் குதித்தது. ராய்ஸ் கத்தியது மனிதக் குரலாகவே இல்லை.

"படலை," என்றாள் மார்வா. "நான் பக்கவாட்டுலதான் நின்னேன். படலை."

கையைச் சட்டையில் துடைத்தாள். ஜாக்கியை இன்னும் இரண்டு விரல்கடை ஏற்றினாள். குழாயை எடுத்துவந்தாள். அவள் உதடு முணுமுணுத்தது ஜெபமா வசவா என்று எனக்குத் தெரியாது. கம்பி இந்த முறை அடங்கிப் போனது.

ஜாக்கியை முழுவதும் மேலே இழுத்தாள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைக் கடைசியாக எடுத்தாள். நான் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்து, "எரியுது, போ!" என்று கத்தினேன்.

அவர்கள் முன்னால், நான் பின்னால். ஆறாவது மைலில் பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் தீயே கிளப்பிய காற்று எங்களைப் பிடித்தது. என் வண்டியே ஆடியது. முன்னால் டிரெய்லர் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது, பாறைப் பக்கம் சாய்ந்தது. இப்போது அவள் பிரேக்கை மிதித்தால் தொலைந்தது என்று நினைத்தேன். பிரேக் விளக்கு எரியவில்லை. அவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். டிரெய்லர் இன்னும் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு நேரானது.

கீழே ஊரில், முரட்டுக் குதிரை அடக்கும் ரோடியோ மைதானத்தில் போய் நிறுத்தினாள். நான் கதவைத் திறந்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்த கை பிரியவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் ராய்ஸ் அழுதுகொண்டிருந்தான். "பொம்பளைக்கு என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா லெட்டி," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நெஞ்சழுத்தமுமில்ல, ஒண்ணுமில்ல. கால்சட்டையை நனைச்சிக்கிட்டேன். முதல்ல உள்ள விடு, மாத்திக்கணும்," என்றாள் மார்வா.

முகாமில் பதினோரு இடங்கள் எரிந்தன. நான்காம் இடத்தில் மேசையின் இரும்பு ஆணிகள் மட்டும் கிடந்தன. மறுநாள் மருமகன் பதறிக்கொண்டு வந்து சாவியைக் கேட்டான். "நீ உக்காரு, சாப்பிடு. நான் ஓட்டிக்கறேன்," என்றாள். அந்தக் குளிர்காலத்தில் அரிசோனாவுக்கு அவளே ஓட்டிப்போனாள்.

அடுத்த ஜூனில், மிஞ்சிய ஆறு இடங்களை வைத்து முகாமைத் திறந்தபோது, முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். புது இடத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்த அவளுக்கு ஒன்பது தடவை ஆனது. ராய்ஸ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே, "இடது பக்கம்! அடியே, அது என்னோட இடது இல்ல, உன்னோட இடது!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அந்தச் சாண்ட்விச்சை எங்கே செருகிக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, மறுபடி முன்னால் எடுத்தாள்.