வரப்பில் நின்ற பூட்ஸ்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. வரப்பின் மேல் நின்ற ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ்தான் வருகிறது. குதிகால்கள் ஒட்டி, முனைகள் சாலையைப் பார்த்து, காலுறை இரண்டும் சுருட்டி உள்ளே செருகப்பட்டு, அணிவகுப்பில் நிற்பதுபோல அவை நின்றன. சித்திரை மாதத்துக் காலை. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்ததால் மண் அரை ஈரத்தில் இருந்தது. பூட்ஸின் மடிப்புகளில் ரயில் கரித்தூளும் அதன் மேல் நன்னிலம் சாலை மண்ணும் படிந்திருந்தன. அவற்றைக் கழற்றியவர் சற்றுத் தள்ளி வெறுங்காலோடு ஏர் பிடித்துக்கொண்டிருந்தார். கணுக்காலுக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் வேறு யாருடையவோபோல வெளுத்துத் தெரிந்தன. நான் சாலையோரத்தில், அவருடைய படுக்கைச் சுருளைக் கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அத்தான் என் அக்காளின் கணவர். ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமான பிறகு அக்காள் அவரோடு சேர்ந்து இருந்த நாள்கள் எல்லாம் விடுமுறை நாள்கள்தான். அவர் அஸ்ஸாமிலோ காஷ்மீரிலோ இருக்க, அக்காள் நன்னிலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், மாமனார் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். எழுதுவதற்குச் செய்தி குறையாத காலம் அது. ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை புதிய கொடி பறந்தது. வயல்களிலோ வேறு கொடி. கூலி கேட்டு வேலைநிறுத்தம், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவது, அதைத் தடுக்க ஆட்கள் வரப்பில் படுப்பது, பின்னாலேயே போலீஸ் வேன். ஒவ்வொரு அறுவடையும் இப்படித்தான் நடந்தது.

அத்தானுக்கு இருந்தது எட்டு மா நிலம். மூன்று ஏக்கருக்கும் குறைவு. அவர் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து அதை வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தெருவைச் சேர்ந்த ஒருவர் குத்தகைக்குச் செய்துவந்தார். அவருடைய தகப்பனார் அத்தான் வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் நீந்திப் பழகியவர்கள். ராணுவத்தில் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய அத்தான் ஊருக்கு வந்ததும் அவரை "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்கினார். எங்கள் தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. குத்தகைக்காரரும் கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கும்போது "தம்பி" என்பார், தெருவில் "ஐயா"தான்.

குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றக்கூடாது என்று சட்டம் இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு. பணி முடிந்து திரும்பி வந்து, தானே சாகுபடி செய்யப் போவதாகச் சொன்னால் அவர்கள் நிலத்தைக் கேட்டு வாங்கலாம். ஆகவே அத்தான் எப்போது ஓய்வுபெறுவார் என்பது அவருடைய சொந்த விஷயமாக இல்லாமல் போயிற்று. அடுத்த கோடையில் அவருக்கு பென்ஷன் தகுதி வந்துவிடும். வெளியே வந்துவிடலாம். அல்லது நீட்டிப்புக் கேட்டுப் பணியில் தொடர்ந்தால் அடுத்த பதவியான நாயப் சுபேதார் ஆக ஒரு வாய்ப்பு உண்டு.

அந்தக் காலையில் ரயிலடியிலிருந்து நடந்து வரும்போது அவர் என்னிடம் முடிவைச் சொல்லிவிட்டார். "வந்துடலாம்னு இருக்கேன் மச்சான். ஒங்கக்கா எத்தன வருஷம் தனியா சமைச்சுத் தனியா சாப்புடுவா?"

"நெலம்?" என்றேன்.

"நெலத்த யாரு எடுக்கப் போறா? அண்ணனும் நானும் சேர்ந்து பண்ணுவோம். எனக்கு நாத்து முடி கட்டக்கூட மறந்துபோச்சு. அவருதான் சொல்லிக்குடுக்கணும்." சிரித்தார். "மத்தியானம் சாப்புட்டுட்டுப் போயி அவருகிட்டச் சொல்லிடறேன். மொதல்ல ஒங்கக்காகிட்டச் சொல்லணும்."

அவர் நினைத்த வரிசை அதுதான். முதலில் அக்காள், பிறகு சாப்பாடு, பிறகு குத்தகைக்காரர். அந்த வரிசை கலைந்தது எங்கள் கண் முன்னால்தான்.

அன்று ஊரில் நல்லேர் பூட்டும் நாள். சித்திரையில் நாள் பார்த்து, மாட்டுக் கொம்பில் மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, ஒவ்வொரு வயலிலும் முதல் உழவு தொடங்குவார்கள். எந்த வயலில் யார் கை ஏரின் கைப்பிடியான மேழியில் படுகிறதோ அவர்தான் அந்த ஆண்டு அங்கே சாகுபடி செய்பவர். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊர் முழுக்க வரப்பில் நின்று பார்க்கும். பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். தகராறு வந்தால் சாட்சியும் அதுதான்.

குத்தகைக்காரர் சூடம் காட்டி முடித்து மேழியில் கைவைக்கப் போனவர் சாலையில் எங்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கி, ஊர் கேட்கக் கூப்பிட்டார்.

"தம்பி! நல்ல நேரத்துல வந்தீங்க! வாங்க, மொத சால் நீங்க ஓட்டுங்க!"

ஊரார் முன்னால் அவர் "தம்பி" என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தானும் அதை மட்டுமே கேட்டார் என்று நினைக்கிறேன். அவர் ஏற்கெனவே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குத்தகைக்காரரின் மூத்த மகன், கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தவன், ஓரடி முன்னால் வந்து "அப்பா" என்றான். அடுத்த வரப்பில் மிராசுதாரின் காரியஸ்தர் குடையோடு நின்றிருந்தார்.

அத்தான் உழுதார். சால் பாம்புபோல நெளிந்தது. மாடுகள் அவருடைய இந்தி அதட்டலுக்குக் கட்டுப்படவில்லை. "பட்டாளத்தாரே, பாகிஸ்தானுக்கே போயிடாதீங்க!" என்று யாரோ கத்த, வரப்பெல்லாம் சிரிப்பு. குத்தகைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அவருடைய மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரியஸ்தர் புன்னகை செய்தார். அது வேறு வகை.

பொழுது சாய்வதற்குள் காரியஸ்தர் வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம். ரயில விட்டு எறங்கி வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வயல்ல ஏர் புடிச்சீங்களாமே. இந்தப் பக்கத்துல சட்டப்படி நெலத்த எடுக்கற தைரியம் ஒங்களுக்குத்தான் வந்திருக்கு. வக்கீல் எல்லாம் ஐயா பாத்துக்குவாங்க. எப்ப ரிட்டயர் ஆகி வர்றீங்க?"

"நான் எதையும் எடுக்கல. அண்ணன் கூப்புட்டாரு, ஓட்டினேன்."

"அப்படித்தான் சொல்லணும். வெளியில அப்படித்தான் சொல்லணும்" என்று காரியஸ்தர் குரலைத் தாழ்த்தினார்.

மறுநாள் காலை அந்த நெளிந்த சாலின் தலையில் ஒரு செங்கொடி நட்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போனார். நானும் போனேன். குத்தகைக்காரரின் மகன் அங்கே இருந்தான். சிறுவயதில் அத்தான் கொண்டுவரும் பிஸ்கட்டுக்காக வாசலில் நின்று "பட்டாளத்துச் சித்தப்பா" என்று கூப்பிட்டவன். அன்று எழுந்து நின்று "ஹவில்தார் சார்" என்றான்.

"ஒங்கப்பா கூப்புட்டாருடா. நீயும் பாத்தல்ல?"

"எங்கப்பாவுக்குப் பாசம் தெரியும் சார், சட்டம் தெரியாது. ஒங்களுக்கு ரெண்டும் தெரியும்."

"நெலம் எனக்கு வேணாம். போதுமா?"

"அப்ப எழுதிக் குடுங்க."

டீ மாஸ்டர் "ரெண்டு பேருக்கும் டீ ஆறுது" என்றார். அவன் கேட்டதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வருஷம் வாய்ச்சொல்லை நம்பி நிலத்தைவிட்டு இறங்கியவர்களைப் பற்றி நானே செய்தி அனுப்பியிருந்தேன்.

அத்தான் எழுதிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அக்காள் மறுத்தாள். அவள் பேராசைக்காரி அல்ல. "எடுங்கன்னு நான் சொல்லல. எழுதிக் குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிப்பேன்?" என்றாள். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வந்துடுங்க. மத்ததெல்லாம் அப்பறம்" என்றாள். அதிலும் நான் தவறு காணவில்லை.

விடுமுறை முடிவதற்கு முன்தினம் குத்தகைக்காரர் கொல்லைப்புறம் வந்தார். வழக்கமாகக் கிணற்றடியில் உட்காருபவர், அன்று உட்காரவில்லை.

"நாந்தான் கெடுத்துட்டேன் தம்பி. ஒங்களப் பாத்த சந்தோஷத்துல கூப்புட்டுட்டேன். பய வீட்டுல மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான்."

"விடுங்கண்ணே. நாம சேந்து பண்ணலாம்னு சொல்லத்தான் வந்தேன்."

ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் குத்தகைக்காரருக்கு அது பெரிய செய்தி. இப்போது அது காரியஸ்தர் சொல்லிக்கொடுத்த பேச்சுபோல ஒலித்தது. எனக்கே அப்படித்தான் கேட்டது.

"ஒங்க நெலம் தம்பி. வாங்க. எப்பன்னு மட்டும் சொல்லிடுங்க. குறுவைக்கு நாத்து வுடலாமா வேணாமான்னு தெரியணும்ல."

காரியஸ்தர் கேட்டதும் அக்காள் கேட்டதும் இதே கேள்விதான். எப்போது வருவீர்கள்? அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் கிணற்றடியில் நின்று தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தில் இன்னும் சேற்றின் கறை போகவில்லை.

ரயிலடிக்கு நான்தான் கூடப் போனேன். வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் சொன்னார். "எக்ஸ்டென்ஷன் கேக்கப் போறேன் மச்சான். நான் யூனிபார்மோட இருக்கறவரைக்கும் அண்ணன் தைரியமா வெதப்பாரு."

"அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நீ சொல்லிடு."

பனியில் மாதக்கணக்காகக் காவல் இருந்தவர். பெட்டியில் ஏறி, கதவருகே நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னபோது அக்காள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. "அவரு எப்ப வரணும்னு ஊரே முடிவு பண்ணிடுச்சாடா?" என்றாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள்.

நீட்டிப்பு கிடைத்தது. பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இருக்க முடிந்த கடைசி நாள்வரை இருந்தார். இடையில் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவுசெய்ய ஆட்கள் ஊர் ஊராக வந்தார்கள். எட்டு மாவுக்கும் குத்தகைக்காரர் பெயர் ஏறியது. அத்தான் ஆட்சேபம் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தார். வந்தபோது அக்காளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. தனியாகச் சாப்பிட்டுப் பழகியவள், அவருக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாபநாசத்தில் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, இரட்டைக் குழல் துப்பாக்கி, மீண்டும் பூட்ஸ். விடுமுறையில் ஊருக்கு வரும்போது வயலோரச் சாலையில்தான் நடந்து வருவார். வரப்பில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. குத்தகை நெல் தவறாமல் வீட்டுக்கு வந்தது. கொண்டுவருபவர் குத்தகைக்காரரின் மனைவி. குத்தகைக்காரர் வருவதில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள்.

ஒருமுறை அத்தான் தாமாகவே சொன்னார். "அண்ணன் பேங்குக்கு வந்தாரு, கடன் விஷயமா. கதவத் தொறந்துவிட்டேன்."

"பேசினீங்களா?"

"டூட்டியில பேசக்கூடாதுல்ல" என்றார்.

அத்தான் இறந்தது ஐப்பசி மழையில். சுடுகாட்டுப் பாதையை வாய்க்கால் உடைத்துக்கொண்டு போயிருந்தது. மற்ற வழி ஒன்றுதான், அந்த எட்டு மா வழியாக. சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்த நேரம். பாடையைத் தூக்கிய நாங்கள் சாலையிலேயே நின்றோம். நட்ட வயலை மிதிக்க யாருக்கும் கால் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

குத்தகைக்காரர் தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல் வரப்பிலிருந்து முழங்கால் சேற்றில் இறங்கினார். மகன் தடுக்கவில்லை, அவனும் இறங்கினான். இருவரும் குனிந்து, நட்ட பயிரைப் பிடுங்கி இருபுறமும் போட்டு வழி செய்தார்கள்.

"எறங்குங்க" என்றார் பெரியவர், நிமிராமல். "தம்பி வயலுதான்."

நாங்கள் இறங்கினோம். அத்தான் அந்த வயலுக்குள் போனது, எனக்குத் தெரிந்து, அது இரண்டாவது தடவை.

இப்போது அங்கே நல்லேர் பூட்டுவதில்லை, டிராக்டர் வருகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது என் கண் அந்த வரப்புக்குத்தான் போகும். அன்று சுடுகாட்டுக் காரியம் முடிந்து திரும்பியபோது வரப்பு முழுக்க நாங்கள் கழற்றிய செருப்புகள் மழையில் நனைந்து கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, அவசரத்தில் உதறியபடியே, எல்லாம் வயலைப் பார்த்து. என்னுடையதைத் தேடி எடுக்கச் சற்று நேரமாயிற்று. சாலையைப் பார்த்து, குதிகால் ஒட்டி, ஒரு ஜோடிகூட நிற்கவில்லை.